மூன்றாவது பேக்கிங்

“பழைய வண்டின்னா ஆயில் ஒழுகத்தான் சார் செய்யும்.” கார் வைத்திருக்கும் யாருக்கும் இந்த வாக்கியம் புதிதில்லை. மெக்கானிக் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், ஸ்டீயரிங்கையே தொட்டிராத சொந்தக்காரர்கூடச் சொல்வார். ஒழுகுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று பேச்சை முடித்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. எஞ்சினுக்குள் இருக்கவேண்டிய எண்ணெய் வெளியே வருகிறதென்றால் அதற்கு ஒரு வழி இருக்கவேண்டும், வெளியே தள்ள ஒன்றும் இருக்கவேண்டும். இந்த இரண்டில் முதலாவதைத் தேடத்தான் எல்லோரும் குனிகிறார்கள். இரண்டாவதை யாரும் கேட்பதேயில்லை.

என்னுடையது 800 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோல். இரண்டாம் கையாக வாங்கியது. ஓட்டத்தில் குறையே கிடையாது, மைலேஜும் திருப்தி. ஆனால் ராத்திரி நிறுத்தினால் காலையில் எஞ்சினுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் அளவு இறங்கியதே தெரியாது. வீட்டு முற்றமாக இருந்தால் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன். எங்கள் அடுக்குமாடியில் பார்க்கிங் முழுக்கப் புதிதாக இன்டர்லாக் கல் பதித்திருந்தார்கள். எண்ணெய் அதில் இறங்கிவிட்டால் சோப்புத் தூளுக்கெல்லாம் அசையாது. அசோசியேஷன் செயலாளர் வாட்ஸப் குழுவில் கறையின் படத்தை மட்டும் போட்டார், பெயர் போடவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பிறகு பெயர் எதற்கு?

இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பல வருடம் அம்பாசிடர் வைத்திருந்தவர். “தம்பி, ஆயில் ஒழுகலைன்னாதான் பயப்படணும். உள்ள ஆயிலே இல்லைன்னு அர்த்தம்” என்றார். அம்பாசிடர்காரர்களின் பழைய ஜோக் இது. வெறும் ஜோக்காக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அதற்குப் பின்னால் நிஜமான எஞ்சினியரிங் உண்டு. அம்பாசிடரில் வெகுகாலம் இருந்தது இங்கிலாந்தின் பி.எம்.சி. வடிவமைத்த 1489 சிசி எஞ்சின். அதில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில், இன்றைய எஞ்சின்களில் இருப்பதுபோல ரப்பர் ஆயில் சீல் கிடையாது. அதற்குப் பதிலாக ஷாஃப்ட்டிலேயே ஒரு மரை வெட்டியிருப்பார்கள். எஞ்சின் சுற்றும்போது அந்த மரை, வெளியே வரப்பார்க்கும் எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். எஞ்சினை நிறுத்தினால் மரையும் நின்றுவிடும், அப்புறம் நாலு சொட்டு கீழே விழத்தான் செய்யும். ஆக, அந்த வண்டிக்கு “ஒழுகத்தான் செய்யும்” என்பது சரியான பேச்சு. 2014-இல் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றுபோனது. பேச்சு நிற்கவில்லை. சுற்றிலும் ரப்பர் சீலும், இரண்டு பாகம் சேரும் இடுக்கை அடைக்கும் பேக்கிங்கும் போட்டு, ஒரு சொட்டுகூட வெளியே வரக்கூடாது என்று திட்டமிட்டுச் செய்த எஞ்சின்களுக்கும் அதே சமாதானத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சொட்டும் இடமும் ஒழுகும் இடமும்

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். வண்டியை ராம்ப்பில் ஏற்றி, டார்ச் அடித்துக் காட்டினார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஈரம், அதன் மேல் தூசி ஒட்டி மெழுகிய மாதிரி ஒரு படலம். “கிராங்க் பின்னாடி ஆயில் சீல் போயிருக்கு சார். கியர்பாக்ஸ இறக்கணும். இறக்கறதுதான் இறக்கறோம், கிளட்ச் செட்டையும் மாத்திடுங்க” என்றார் அட்வைசர். எஸ்டிமேட் ஐந்து இலக்கத்தில் வந்தது. அவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அந்த இடத்தில் ஈரம் இருந்தால் பின் சீல் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். சீல் நிஜமாகவே போயிருந்தால் அதை மாற்ற வேறு வழியும் கிடையாது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் கியர்பாக்ஸை இறக்கச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. “பார்த்துட்டு சொல்றேன்” என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எண்ணெய் எங்கே கசிந்தாலும் பள்ளத்தை நோக்கித்தான் இறங்கும். கூடவே, வண்டி ஓடும்போது முன்பக்கத்திலிருந்து வரும் காற்று அதைப் பின்னால் ஒதுக்கும். அதனால் எஞ்சினின் உச்சியில் கசிந்தாலும் அது கடைசியில் வந்து சேரும் இடம் கீழ்ப்பின் மூலைதான். என் காரைப்போல எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கும் முன்சக்கர டிரைவ் வண்டிகளில், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் ஒரு ஓரத்தில் கசியும் எண்ணெய் நேராக, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் மேல் வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் போய்த் தொங்கும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எல்லாக் கசிவும் ஆயில் சீல் கசிவாகத்தான் தெரியும்.

அதனால் கீழிருந்து பார்ப்பதை விட்டுவிட்டு மேலிருந்து ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒன்று உண்டு. சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்று உறுதி செய்துகொள்வது. ராத்திரி ஒரு வெள்ளை அட்டையை வண்டிக்குக் கீழே போட்டு வைத்தால் காலையில் தெரிந்துவிடும். பழுப்போ கறுப்போ என்றால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையோ சிவப்போ என்றால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, கவலை வேண்டாம். கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் வழவழவென்று, அதுவும் சக்கரத்துப் பக்கமாக இருந்தால் அது பிரேக் ஆயில். அந்த வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணக்கூடாது. என் அட்டையில் விழுந்தது கறுப்பு. வாடையும் எஞ்சின் ஆயில் வாடைதான்.

அப்புறம் துடைக்கும் வேலை. கசிவைக் கண்டுபிடிப்பதில் முக்கால்வாசி இதுதான், ஆனால் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. மெக்கானிக் கடைகளில் கிலோ கணக்கில் வாங்கி வைத்திருப்பார்களே, திருப்பூர் பனியன் வேஸ்ட், அதில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தேன். டீகிரீசர் அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஹெட்டின் மேல் மூடியான ஹெட் கவரின் ஓரம் முழுக்கத் துடைத்தேன். பல வருடத்துப் பிசுக்கு அது. எண்ணெயும் மண்ணும் சேர்ந்து விரல் நகத்தால் கிள்ளி எடுக்கும் அளவுக்குத் தடித்திருந்தது. சுத்தமாகக் காய்ந்ததும் மனைவியின் பாண்ட்ஸ் பவுடரை எடுத்து, பெல்ட் பக்கம் போகாமல், கவர் ஓரத்தைச் சுற்றித் தூவிவிட்டேன். எண்ணெயில் சாயம் ஊற்றி, புறஊதா விளக்கில் பார்க்கும் கிட்டெல்லாம் கடையில் கிடைக்கிறது. இந்த அளவு கசிவுக்கு முகப் பவுடர் போதும். மூச்சு விட்டாலே பறக்கும் என்பது ஒன்றுதான் குறை. பிறகு தாம்பரம் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தால், வெள்ளைப் பவுடரின் நடுவே பின் மூலையில் ஒரே ஒரு பழுப்புக் கோடு. ஹெட் கவரும் ஹெட்டும் சேரும் விளிம்பில் ஆரம்பித்துச் சரேலென்று கீழே இறங்கி, பெல் ஹவுசிங் பக்கம் மறைந்தது. ஆயில் சீலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போயிருந்தது டேப்பட் கவர் பேக்கிங், அதாவது அந்த ஹெட் கவருக்கு அடியில் இருப்பது. ஒரு எஞ்சினில் மாற்றுவதற்கு இதைவிடச் சுலபமான பேக்கிங் கிடையாது.

ஃபைலில் இருந்த பில்கள்

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கேயே முடிந்திருக்கவேண்டும். சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு உதிரிபாகக் கடையில் போய்ப் பேக்கிங் கேட்டேன். “ஒரிஜினலா, லோக்கலா?” என்றார் கடைக்காரர். இரண்டையும் எடுத்து மேஜையில் போட்டார். கையில் எடுத்து லேசாக முறுக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. ஒரிஜினலையே வாங்கிக்கொண்டேன். “என்ன வருஷ மாடல் சார்?” என்று கேட்டார். மனதில் இருந்த வருடத்தைச் சொன்னேன். இருந்தாலும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்து, வண்டியோடு வந்த பழைய ஃபைலை எடுத்தேன்.

ஆர்.சி. நகலைத் தேடும்போது முந்தைய உரிமையாளரின் சர்வீஸ் பில்கள் கையில் தட்டுப்பட்டன. அந்த மனிதர் ஒரு பில்லைக்கூடத் தூக்கிப்போடாதவர். புரட்டிக்கொண்டே போனால் ஒரு பில்லில் “டேப்பட் கவர் பேக்கிங் – 1”. இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், வேறு கடையின் பில்லில் அதே வரி. இரண்டுக்கும் நடுவே ஓடியிருந்த கிலோமீட்டர் அப்படியொன்றும் அதிகமில்லை. கம்பெனியில் போட்டதை விட்டுவிட்டால், என் கையில் பிளாஸ்டிக் உறையோடு இருந்தது இந்த எஞ்சினுக்கு மூன்றாவது.

சாதாரணமாக இந்தப் பேக்கிங் பல வருடம் தாங்கும். நம் ஊர் வெயிலில், சூட்டில் ரப்பர் இறுகிப்போவது சகஜம்தான். ஆனாலும் இவ்வளவு சீக்கிரம் இரண்டு போகாது. ஒரு தடவை என்றால் மட்டமான பேக்கிங் என்றோ, பொருத்தியவர் கை சரியில்லை என்றோ சொல்லலாம். இரண்டு வெவ்வேறு கடை, இரண்டு வெவ்வேறு கை, அதே இடத்தில் கசிவு என்றால் பேக்கிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் மூன்றாவதைப் போட்டுவிட்டு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டால், கொஞ்ச நாள் கழித்து எனக்கு அடுத்து இந்த வண்டியை வாங்குபவர் நாலாவதைப் போடுவார். அந்த ஃபைலை மூடி வைத்துவிட்டு, பேக்கிங் வேலையை அப்படியே நிறுத்தினேன். ஹெட் கவருக்குள் எண்ணெய் தேங்கி நிற்பதில்லை. ஆயில் பம்ப் மேலே ஏற்றிய எண்ணெய், எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டை நனைத்துவிட்டுத் தன் எடையிலேயே கீழே இறங்கிப் போய்விடும். விளிம்பில் படுவது தெறிக்கும் எண்ணெய் மட்டும்தான். அதை விளிம்பைத் தாண்டி வெளியே வரவைக்க உள்ளே ஏதோ ஒரு அழுத்தம் வேண்டும். எங்கிருந்து வருகிறது?

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரிந்த வாயுவில் கொஞ்சம் அவற்றைத் தாண்டிக் கீழே, எஞ்சினின் அடி அறையான கிராங்க் கேஸுக்குள் போய்ச் சேரும். அதற்குப் போக்கிடம் வேண்டும். அந்தக் காலத்து எஞ்சின்களில் ஒரு குழாயைக் கீழே விட்டு நேராக ரோட்டில் ஊதிவிடுவார்கள். அந்தப் புகையில் எரியாத பெட்ரோல் நிறைய இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் காற்று கண்ணைக் கரிக்கும் அளவுக்குக் கெட்டபோது, கலிஃபோர்னியா அரசு 1961-இல் இதை மூடவேண்டும் என்று ஆணையிட்டது. 1963 மாடல் கார்களிலிருந்து அங்கே அது கட்டாயம் ஆனது. அப்படி வந்ததுதான் பிசிவி வால்வு. கேட்டலிடிக் கன்வெர்ட்டரெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, காற்று மாசுக்காகக் காரில் கட்டாயமாக்கப்பட்ட முதல் சாமான் இதுதான். வேலை எளிமையானது. சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான இன்லெட் மேனிஃபோல்டில் எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் ஒரு உறிஞ்சல் இருக்கும். ஒரு ரப்பர் குழாய் வழியாக அந்த உறிஞ்சலை எஞ்சினின் உள்ளறைக்குக் கொண்டுபோய், கெட்ட வாயுவை இழுத்து, திரும்பவும் சிலிண்டருக்கே அனுப்பி எரித்துவிடும். நடுவில் இருக்கும் வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சின்ன முளையும். ஐட்லிங்கில் உறிஞ்சல் அதிகம், அதனால் முளை வழியைக் குறுக்கும், வேகத்தில் விலகிக்கொடுக்கும். இழுத்த வாயுவுக்கு ஈடாக ஏர் ஃபில்டர் பக்கமிருந்து இன்னொரு குழாயில் சுத்தமான காற்று உள்ளே வரும்.

இந்த வால்வு பிசுக்கேறி அடைத்துக்கொண்டால், வாயு போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் கேஸ்கெட் பக்கமாக ஆவி சீறுமே, அதேதான். வீட்டில் அப்படிச் சீறினால் முதலில் வெயிட்டைக் கழற்றி ஓட்டையில் ஊதிப் பார்க்கிறோம். காரில் மட்டும் கேஸ்கெட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

சோதித்துப் பார்ப்பதற்குச் செலவே கிடையாது. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த ஓட்டையின் மேல் ஒரு மெல்லிய பாலிதீன் கவரைப் போட்டேன். எல்லாம் சரியாக இருந்தால் அது லேசாக உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ளவேண்டும். என்னுடையது தப் தப்பென்று குதித்தது. அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். சுத்தமான காற்று போகவேண்டிய குழாயின் வாயில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. காற்று உள்ளே போகிற வழியிலேயே கெட்ட வாயு வெளியே திரும்பி வந்திருக்கிறது. கடைசியாக எஞ்சினை நிறுத்திவிட்டு வால்வைக் கழற்றி, காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே முளை கடகடவென்று ஆடும் சத்தம் கேட்கவேண்டும். ஒன்றுமே கேட்கவில்லை. முனையில் பார்த்தால் தார் மாதிரி இறுகி, ஊசி போகும் ஓட்டைகூட இல்லை.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்லவேண்டும். வால்வு நன்றாக இருந்தும் கவர் குதித்தால், ரிங்குகள் தேய்ந்து தாங்கமுடியாத அளவுக்கு வாயு இறங்குகிறது என்று பொருள். அது வீட்டில் தீரும் வேலையில்லை. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துப் பார்த்து மேற்கொண்டு யோசிக்கவேண்டும். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. புது வால்வைப் போட்டு, குழாயையும் பெட்ரோலில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டிய பிறகு, திரும்பவும் அதே பாலிதீன் கவரைப் போட்டேன். ‘சொப்’பென்று ஓட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. வால்வின் விலை சில நூறு ரூபாய்.

கவரைக் கழற்றிய கதை

அதற்கப்புறம்தான் பேக்கிங். ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும் நேரம். வண்டிக்கு அடியில் போகவேண்டியதே இல்லை என்பது இந்த வேலையின் பெரிய சௌகரியம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். வாட்ச்மேன் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேப்பர் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் நின்று ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். “சார், இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிவிட்டா போதாது?” என்று ஒருவர். எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். செய்யவே கூடாததும் இதுதான். ஹெட் அலுமினியம், போல்ட் இரும்பு. கொஞ்சம் வேகமாகத் திருகினால் மரை போய்விடும். தகட்டுக் கவராக இருந்தால் போல்ட் இருக்கும் இடத்தில் பள்ளமாகி, இரண்டு போல்ட்டுக்கு நடுவே தூக்கிக்கொள்ளும். முன்னால் ஒரு இடத்தில் கசிந்தது, அப்புறம் நாலு இடத்தில் கசியும்.

வழியில் இருந்த ஒயர்களையும் குழாய்களையும் ஒதுக்கினேன். எதையும் பிடுங்குவதற்கு முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது என் வழக்கம். பிறகு சுற்றிலும் இருந்த மண்ணை ஒருமுறை நன்றாகத் துடைத்தேன். கவரைத் தூக்கியதும் விளிம்பில் இருக்கும் மண் கேம் ஷாஃப்ட் மேல் விழுந்தால் அது எண்ணெயோடு போய் எங்கே சேரும் என்று சொல்லமுடியாது. போல்ட்டுகளைக் கழற்றினால் கவர் அசையவில்லை. கனமான ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பத்தான் கை போகும். நெம்பினால் விளிம்பில் விழும் கீறலே அடுத்த கசிவுக்கு வழி. ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினேன். பிசின் விடுவது போன்ற ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது.

உள்ளே இருந்த பேக்கிங் ரப்பர் என்று சொல்லும் நிலையில் இல்லை. மடக்கினேன், பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்தது. அதை விட என் கண்ணில் பட்டது சிலிக்கான் பசை. எந்தக் கம்பெனிப் பசையாக இருந்தாலும் நம் மெக்கானிக்குகள் வாயில் அது அனபாண்ட்தான். யாரோ பேக்கிங்கின் இரண்டு பக்கமும், சுற்று முழுக்கப் பூசியிருந்தார்கள். இறுக்கும்போது பிதுங்கியது வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்பக்கமும் பிதுங்கியிருக்கும் என்பதை யார் நினைக்கிறார்கள்? கவரின் உள்விளிம்பில் புழுப் புழுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது, ஒன்றிரண்டு இடத்தில் பிய்ந்தும் போயிருந்தது. பிய்ந்த துண்டு கீழே ஆயில் சேம்பருக்குப் போய், பம்ப் எண்ணெய் உறிஞ்சும் ஜல்லடையில் ஒட்டிக்கொண்டால், ஒரு சொட்டுக் கசிவை நிறுத்தப் போய் எஞ்சினையே காவு கொடுக்கவேண்டியிருக்கும். இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஹெட்டின் விளிம்பைச் சுரண்டப் பழைய ஏடிஎம் கார்டு எடுத்துக்கொண்டேன். பிளேடு அலுமினியத்தைக் கீறிவிடும். இந்தச் சுரண்டல்தான் அன்றைக்கு அதிக நேரம் பிடித்தது. வாட்ச்மேன் அண்ணனே சலித்துப்போய் கேட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

புதுப் பேக்கிங்கை கவரின் காடிக்குள் விரலால் அழுத்தி உட்காரவைத்தேன். சிலிக்கானை அடியோடு ஒதுக்கவும் முடியாது. கேம் ஷாஃப்ட்டின் முனைப்பக்கம் ஹெட்டின் விளிம்பு சமமாக இல்லாமல் மூலை திரும்பும் இடங்களில் மட்டும், கடுகு அளவு வைத்தேன். அப்புறம் போல்ட்டுகளை எல்லாம் கையாலேயே முதலில் பிடித்துவிட்டு, நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இந்த மாதிரிச் சின்ன கவர்களுக்கு 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் கணக்கு. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் குட்டி ஸ்பேனரை இரண்டு விரலில் பிடித்து இறுக்கினால் போதும். முழங்கைக்கு இதில் வேலையே இல்லை. சிலிக்கான் இறுகட்டும் என்று மறுநாள் வரை வண்டியைத் தொடவில்லை.

பெரியவர் சாயங்காலம் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். பிசிவி வால்வைக் கையில் கொடுத்தேன். ஆட்டிப் பார்த்துவிட்டு, “எங்க வண்டியில இதெல்லாம் இருந்துச்சான்னே தெரியாதே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒருவேளை அதுலயும் பாதி ஒழுகல் இப்படித்தான் இருந்திருக்குமோ?” என்று அவரே கேட்டார். இருக்கலாம். மரையை மட்டும் நம்பி ஓடும் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறினால் அந்த மரையால் என்ன செய்யமுடியும்? ஒழுகத்தான் செய்யும் என்று வடிவமைத்த எஞ்சினிலேயே இவ்வளவுதான் ஒழுகவேண்டும் என்று ஒரு கணக்கு இருந்திருக்கும். அதைத் தாண்டி ஒழுகியதையும் அதே கணக்கில் எழுதிவிட்டோமோ என்னவோ.

எங்கள் தெருமுனையில் டூவீலர் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “பில்லுல ‘பார்த்தது – ஐநூறு ரூபா’ன்னு போட்டா நீங்க குடுப்பீங்களா சார்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. பேக்கிங் மாற்றினால் பேக்கிங்குக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி. ஒரு மணி நேரம் நின்று, துடைத்து, பவுடர் தூவி, ஏன் என்று யோசித்ததற்கு வரி கிடையாது. அந்த இரண்டு பழைய பில்களை எழுதியவர்கள் கெட்டவர்களோ வேலை தெரியாதவர்களோ இல்லை. கசிவது பேக்கிங்கில், வந்தவர் கேட்டது கசிவை நிறுத்த, மாற்றினார்கள், நின்றது. கொஞ்ச நாளைக்கு. வீட்டில் செய்பவனுக்கு இருக்கும் ஒரே வசதி, அவன் நேரத்துக்கு யாரும் பில் போடமாட்டார்கள் என்பதுதான். கைத்திறமையில் அந்தக் கடைப் பையன்கள் பக்கத்தில்கூட நான் நிற்கமுடியாது.

ஒரு மழைக்காலமும் ஒரு கத்திரி வெயிலும் தாண்டிவிட்டது. ஹெட் கவர் ஓரம் காய்ந்தே இருக்கிறது. சர்வீஸுக்கு ஆயில் மாற்றும்போதெல்லாம் வால்வைக் கழற்றி ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு மாட்டுகிறேன். கார்புரேட்டர் கிளீனர் ஒரு பீச்சு, அவ்வளவுதான். முன்பக்கம் கிராங்க் சீல் ஓரத்தில் மட்டும் லேசான ஈரம் உண்டு. அது பழைய அழுத்தத்தில் கெட்டதாக இருக்கலாம். வால்வு மாற்றிய பிறகு அது கூடவில்லை, சொட்டாகவும் சேரவில்லை. அதற்காக இப்போது எஞ்சினைப் பிரிக்கப்போவதில்லை. அந்தச் சீலுக்குப் போகவேண்டுமென்றால் டைமிங் பெல்ட்டைக் கழற்றவேண்டும். பெல்ட் மாற்றும் கிலோமீட்டர் அடுத்த வருடம் எப்படியும் வந்துவிடும். அன்றைக்கு ஒரு நல்ல கடையில் விட்டு, சீலையும் சேர்த்து மாற்றச் சொல்வதாக இருக்கிறேன். பெல்ட்டில் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போகும் என்பதால், அதுவரை மாதம் ஒருமுறை பெல்ட் கவர் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும்.